கரைக்குள்ள மூணாவது பொந்து

ஒரு காட்டுல சிங்கம் இல்ல, புலி இல்ல, ஆனா ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு! சிரிக்காதீங்க பிள்ளைங்களா, நெசமாத்தான். பாறை மேல சோலார் தகடு. பாறை இடுக்குல பெட்டி. பெட்டி முன்னால உக்காந்து தட்டுறதுக்கு ஒரு அணில் பொண்ணு. அவ பேரு சில்லு. தட்டுற நேரம் தவிர மத்த நேரமெல்லாம் பேசிக்கிட்டே இருப்பா. தட்டும்போதும் பேசுவா.

அந்தப் பாறைக்குக் கீழதான் பெரிய ஏரியோட தண்ணி மூணா பிரியும். ஒரு வாய்க்கா கீரியூருக்கு. ஒண்ணு சாரைப்பாம்புங்க இருக்கிற சாரையூருக்கு. இன்னொண்ணு ஆமையூருக்கு. ஒவ்வொரு வாய்க்கா தலைப்புலயும் ஒரு இரும்பு ஷட்டர், அதைத் தூக்கி இறக்க ஒரு மோட்டார்.

முன்னெல்லாம் மழை வந்தாலே மூணு ஊருக்கும் சண்டைதான். "உன் பக்கம் திறடா!" "ஏன், உன் பக்கம் திறந்தா குறைஞ்சா போயிடுவ?" சண்டை முடியறதுக்குள்ள யாரு கரையாவது உடைஞ்சிருக்கும். போதும்டா சாமின்னு மூணு ஊரும் கூடிப் பேசி, பொதுவா ஒரே கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டாங்க.

அதுக்கு வேலை ரொம்ப லேசு. ஊருக்கு ஒருத்தர் வந்து, எங்க கரை இப்படி இருக்குன்னு சொல்லணும். சில்லு அதை உள்ள தட்டுவா. எந்தக் கரை நோஞ்சானோ, அங்க மராமத்து எருமைங்க முதல்ல போகும், மண்ணு போட்டு மிதிச்சு இறுக்கும். வெள்ளம் வந்துடுச்சுன்னா, எந்தக் கரை கெட்டியோ அந்தப் பக்கம் ஷட்டர் தானா திறக்கும். யாரு சொன்னதை வேணும்னாலும் யாரும் திரையில பாத்துக்கலாம். எவ்ளோ அழகான ஏற்பாடு பாருங்க!

ஆனா ஒண்ணு. அந்தப் பெட்டி எழுந்து போய் எந்தக் கரையையும் பாக்காது. சொன்னதை அப்படியே நம்பும்.

நம்ம செவ்வந்திக்கு அதுதான் ஆகவே ஆகல.

செவ்வந்தி ஒரு கீரி. கீரியூருக்காகப் பேச வர்றவ அவதான். யாரையும் நம்ப மாட்டா. வெயில் அடிச்சா, ஏன் இவ்ளோ அடிக்குதுன்னு பாப்பா. நிழல் விழுந்தா, யாரோட நிழல்னு பாப்பா. ஊர்ல அவளுக்கு மரியாதையே அதுக்குத்தான். பின்ன? பாம்பும் கீரியும் ஒரே பெட்டியப் பங்கு போட்டா, கீரி பக்கம் இப்படி ஒருத்தி வேணாமா?

மூணு ஊரும் கூடின முதல் நாளே அவ எழுந்து நின்னுட்டா.

"வெள்ளம் வந்த பிறகு ஒருத்தன், ஐயோ என் கரை திடீர்னு நோஞ்சான் ஆயிடுச்சு, தண்ணிய கீரியூருக்குத் திருப்புங்கன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

 அப்படி ஒருத்தன் பண்ணுவான்னு அதுவரைக்கும் யாருக்கும் தோணவே இல்ல.

"பண்ணுவான். எனக்குத் தெரியும்"ன்னா செவ்வந்தி. "அதனால, தண்ணி வந்த பிறகு யாரும் பேச்சை மாத்தக் கூடாது. மாத்தியே ஆகணும்னா, வேற ஊரு ஆளு ஒருத்தர் 'எனக்கும் தெரியும்'னு சாட்சி சொல்லணும். இதைப் பெட்டிக்குள்ள போடு சில்லு."

"போட்டாச்சுக்கா! நானே நினைச்சாலும் அழிக்க முடியாத மாதிரி போட்டாச்சு!"

சாரையூர் ஆளு நெட்டையப்பன் ஓரமா சுருண்டு கிடந்தான். ஆளு ரொம்ப நீளம், பேச்சு ரொம்பக் குட்டை. தலையத் தூக்கி, "நல்ல விதி தங்கச்சி"ன்னான்.

தங்கச்சியாம் தங்கச்சி! செவ்வந்திக்கு வால் முடியெல்லாம் சிலுத்துக்கிச்சு. பாம்பு பாராட்டுதுன்னா அதுல என்ன விஷம் கலந்திருக்கோ? சாரைக்கு விஷமே கிடையாதுங்கறது வேற கதை.

நாள் போச்சு. ஐப்பசி மழை கிட்ட வந்துடுச்சு. மழைக்கு முன்னால மூணு ஊரும் கரை நிலவரத்தைச் சொல்லிடணும். செவ்வந்தி வேணும்னே கடைசியா போனா. மத்தவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு பாக்கணும்ல?

திரையில ஆமையூரு சொன்னது இருந்துச்சு. அவங்களுக்காகப் பேசறது மெய்யக்காங்கற ஆமை. "கரை நல்லா இருக்கு. நாவல் மரத்துக்கிட்ட மட்டும் ஒரு சின்ன விரிசல்."

"விரிசல்னு ஒத்துக்கறாளே, அப்போ பெருசா எதையோ மறைக்கிறா"ன்னு நினைச்சுக்கிட்டா செவ்வந்தி.

அடுத்து சாரையூர். நெட்டையப்பன் சொன்னது. "மகிழமரத்தடியில கரை பொந்து விழுந்து கிடக்கு. உள்ள எங்க முட்டைங்க இருக்கு. பாத்து மண்ணு போடுங்க."

செவ்வந்திக்கு நாக்குல எச்சில் ஊறிடுச்சு. பாம்பு முட்டை! அதுவும் எடத்தோட! அடுத்த நிமிஷமே கண்ணு சுருங்கிடுச்சு.

"கீரி படிக்கும்னு தெரியும்ல அவனுக்கு? தெரிஞ்சும் எடத்தைச் சொல்றானா? ஓஹோ! நான் ஆசைப்பட்டு மகிழமரத்தடிக்குப் போகணும். போனா பொந்துக்குள்ள முட்டை இருக்காது. பத்து சாரை வாயத் திறந்துக்கிட்டு இருக்கும். யாருகிட்ட?"

எச்சிலை முழுங்கிட்டா.

"உங்க கரை எப்படி இருக்குக்கா?"ன்னு சில்லு ரெண்டு கையையும் தட்டத் தயாரா வச்சுக்கிட்டுக் கேட்டா.

இங்கதான் விஷயமே. கீரியூர் கரை புட்டு மாதிரி. கை வச்சா உதிரும். ஏன்னா ஊரே அந்தக் கரைக்குள்ளதான் குடியிருக்கு! பொந்து, பொந்துக்குப் பக்கத்துல பொந்து. மூணாவது பொந்து செவ்வந்தியோடது, வாசல்ல ஒரு நொச்சிச் செடி. உள்ள அவ குட்டிங்க. நாலு. இன்னும் கண்ணு கூடத் திறக்கல. கடைக்குட்டிக்குச் சளி வேற. குட்டி போட்டதை அவ பக்கத்துப் பொந்துக்குக் கூடச் சொல்லல.

பொந்து இருக்குன்னு சொன்னா திரையில வரும். திரையில வந்தா நெட்டையப்பன் படிப்பான். படிச்சா?

"எங்க கரையா? கருங்கல்லு"ன்னா செவ்வந்தி.

"ஒரு பொந்து கூட இல்லையாக்கா? கீரிங்க பொந்துலதானே இருப்பீங்க?"

"என் வீட்டைப் பத்தி உனக்கு என்னடி? யாரு கேக்கச் சொன்னா? அந்த நெட்டையனா?"

"ஐயோ, யாரும் சொல்லலக்கா. நானாத்தான் வாய் அரிச்சுக் கேட்டேன்."

"விரிசல் இல்ல, கீறல் இல்ல, கருங்கல்லுன்னு தட்டு."

சில்லு தட்டினா. பெட்டி நம்பிடுச்சு.

பெட்டி சொன்னபடி எருமைங்க முதல்ல சாரையூர் போச்சுங்க, முட்டையத் தொடாம சுத்தி மண்ணு போட்டுச்சுங்க. அப்புறம் ஆமையூர் கிளம்பிச்சுங்க. போற வழியில எருமைத் தலைவி கருப்பாயி கீரியூர் எல்லையில நின்னா.

"என்ன செவ்வந்தி, வந்ததுதான் வந்தேன். உன் கரையையும் ஒரு மிதி மிதிச்சுட்டுப் போகட்டா?"

செவ்வந்தி அவ மூஞ்சியப் பாக்கல, காலைப் பாத்தா. குளம்புல செம்மண்ணு. சாரையூர் மண்ணு! வேவு பாக்க நெட்டையன் அனுப்பியிருக்கான்.

"நீ மிதிச்சா என் கருங்கல்லு தூளாயிடும். போயிட்டு வா தாயி."

"சரிதான், கருங்கல்லுக்கு எதுக்கு மண்ணு?"ன்னு கருப்பாயி வாலை வீசிக்கிட்டுப் போயிட்டா.

அப்புறம் வந்துச்சு பாருங்க மழை! அப்படி ஒரு மழை! மத்தியானமே இருட்டிடுச்சு. வானத்தை யாரோ கவுத்து வச்ச மாதிரி ஊத்துது. ஏரி தளும்பிடுச்சு. பெட்டி மூணு ஊரு பேச்சையும் எடுத்துப் பாத்துச்சு. ஆமையூர்ல விரிசல், அடைச்சாச்சு, இன்னும் காயல. சாரையூர்ல புது மண்ணு, அதுவும் ஈரம். கீரியூர் கருங்கல்லு. இதுல யோசிக்க என்ன இருக்கு?

மத்த ரெண்டு ஷட்டரும் இறங்கிச்சு. கீரியூர் ஷட்டர் முழுசா மேல ஏறிச்சு.

செவ்வந்தி அப்போ ஒரு ஓணானைக் கவ்விக்கிட்டு வீடு திரும்பிக்கிட்டு இருந்தா. வாய்க்காலைப் பாத்தா. வாயில இருந்த ஓணான் கீழ விழுந்துடுச்சு. தண்ணி கரை மேட்டை நக்கிக்கிட்டு ஓடுது!

"திருப்பிட்டானுங்க! அந்த நெட்டையன் தண்ணிய நம்ம பக்கம் திருப்பிட்டான்! நான் அப்பவே நினைச்சேன்!"

சொல்லி வாய மூடல, முதல் பொந்துப் பக்கம் கரை பொத்துன்னு பாளமா சரிஞ்சுது. அங்க இருந்த கீரிங்க அலறிக்கிட்டு மேட்டுல ஏறிச்சுங்க. செவ்வந்தி தன் பொந்துக்குள்ள பாய்ஞ்சா. நாலும் ஒண்ணு மேல ஒண்ணு கிடந்துச்சு. சுவத்துல தண்ணி கசியுது. ஒவ்வொண்ணா வாயில கவ்வித் தூக்கலாம்தான். ஆனா மேடு ரொம்பத் தள்ளி. நடுவுல தண்ணி. ரெண்டாவது குட்டிக்குத் திரும்பி வர்றதுக்குள்ள கரையே இருக்காது.

ஷட்டரை மூடணும். அது ஒண்ணுதான் வழி.

ஓடினா. சேத்துல விழுந்து, எழுந்து, கரை மேலயே ஓடி, பாறை மேல தாவி ஏறினா.

"யாருடி திருப்பினது? நெட்டையன்தானே?"

சில்லு வாலைத் தலைக்கு மேல குடையா பிடிச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டு இருந்தா. "இல்லக்கா."

"பின்ன எவன்?"

"நீங்கதான்க்கா. கருங்கல்லுன்னீங்களே."



"மாத்து. இப்பவே மாத்து!"

"தண்ணி வந்த பிறகு மாத்த முடியாதுக்கா. வேற ஊரு ஆளு சாட்சி சொல்லணும். அது வந்து, நீங்க போட்ட விதிதான்க்கா."

"மெய்யக்கா எங்க? ஆமை பொய் சொல்லாது, அவளைக் கூப்பிடு!"

"கருமேகம் தெரிஞ்சப்பவே கிளம்பிட்டாங்களாம்க்கா. இப்போதான் புளியமரத்துக்கிட்ட வந்திருக்காங்களாம்."

புளியமரம்! ஆமை நடையில அங்க இருந்து இங்க வந்து சேர நாளைக்கு ஆயிடும்!

"நான் இருக்கேனே"ன்னு ஒரு குரல்.

பெட்டிச் சூட்டுக்காக அது மேலயே சுருண்டு கிடந்தான் நெட்டையப்பன். மழை வந்ததும் ஊருக்காக வந்து உக்காந்தவன்.

 சாட்சி வேணும்னா உண்மையச் சொல்லணும். அதுவும் இவன் முன்னால. சொன்னா பாம்புக்குத் தெரிஞ்சிடும். சொல்லலேன்னா தண்ணி முந்திக்கும். பாம்பா, தண்ணியா?

"பொந்து இருக்கு"ன்னா செவ்வந்தி, ரகசியம் மாதிரி.

"என்னக்கா? மழையில கேக்கல!"

"பொந்து இருக்கு!"

"எங்கக்கா? எடம் சொல்லணும்!"

"கரை முழுக்கப் பொந்துதான்டி! மூணாவது பொந்துல என் பிள்ளைங்க கிடக்கு! தட்டித் தொலை!"

காடே கேட்டிருக்கும் அந்தக் கத்தல். சில்லு தட்டினா. திரையில எழுத்து வந்துச்சு. சாட்சி யாரு?

செவ்வந்தி நெட்டையப்பன் பக்கம் திரும்பினா. பல்லு கிட்டிச்சு.

"உனக்கு என்ன வேணும், சொல்லு. சீக்கிரம் சொல்லு."

"எனக்கா? தள்ளி நில்லு தங்கச்சி."

"எதுக்கு?"

"என் வால் மேல நிக்கிற."

துள்ளிக் குதிச்சுத் தள்ளிப் போனா. நெட்டையப்பன் பெட்டிக்கு நேரா தலையத் தூக்கினான். நாக்கை ஒரு தரம் நீட்டி இழுத்துக்கிட்டான். அதுவரைக்கும் அவன் அவ்வளவு நீளமா பேசினதே இல்ல.

"நான் சாரையூர் நெட்டையப்பன். தவளைக்காக கீரியூர் கரை மேலதான் தினமும் போவேன். எங்களுக்குக் காது வெளியில கிடையாது, வயித்தாலதான் கேப்போம். எந்த எடத்துல மண்ணு கெட்டி, எந்த எடத்துல உள்ள வெத்துன்னு ஊர்ந்தாலே தெரியும். அந்தக் கரை பூரா வெத்து. நொச்சிச் செடிக்குக் கீழ மூணாவது பொந்து. உள்ள நாலு நெஞ்சு துடிக்குது. அதுல ஒண்ணுக்கு மூக்கடைப்பு, இழுத்து இழுத்து மூச்சு விடும். இவ சொல்றது உண்மை. நான் சாட்சி."



நாலுன்னு செவ்வந்தி யாருகிட்டயும் சொல்லல. சளின்னு சத்தியமா சொல்லல. இவனுக்குத் தெரியும்! இத்தனை நாளும், அவ இரைக்குப் போன நேரமெல்லாம், தலைக்கு மேல ஊர்ந்து போய்க்கிட்டு, எண்ணிக்கிட்டு இருந்திருக்கான்!

கடகடன்னு மோட்டார் சத்தம். கீரியூர் ஷட்டர் இறங்கிச்சு. ஆமையூர் ஷட்டர் ஏறிச்சு. ஏரித் தண்ணி ஒரு உறுமு உறுமிட்டு அந்தப் பக்கம் திரும்பிச்சு. காயாத அடைப்புதான், ஆனா கரை நல்ல கரை, தாங்கிக்கிச்சு. புளியமரம் வரைக்கும் வந்துட்ட மெய்யக்காவைத்தான் அந்தத் தண்ணி அலாக்கா தூக்கி ஆமையூர்லயே திரும்பக் கொண்டு போய் விட்டுடுச்சாம். அவங்க மறுபடியும் முதல்ல இருந்து கிளம்பியிருக்காங்க.

செவ்வந்தி வந்த வழியே பறந்தா. முதல் பொந்து இல்ல. ரெண்டாவது பொந்து இல்ல. அங்க இருந்த கீரிங்க மேட்டுல நனைஞ்சு குறுகி உக்காந்திருந்துச்சுங்க. நொச்சிச் செடி வேரு தெரிய சாஞ்சு கிடந்துச்சு. ஆனா விழல!  மண்ணுச் சரிவு சரியா அவ வாசல்ல வந்து நின்னிருந்துச்சு.

உள்ள போய் மோந்து பாத்தா. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலாவதைத் தேடி மூக்கை நீட்டினா, அது அவ மூஞ்சியிலயே "ஹச்" போட்டுச்சு.

மழை விட்ட பிறகு கருப்பாயி கூட்டத்தோட கீரியூர் வந்தா. கூடவே நெட்டையப்பன். வயித்தால ஊர்ந்து ஊர்ந்து, "இங்க வெத்து, இங்க கெட்டி, இங்க மெல்ல மிதி"ன்னு எருமைங்களுக்கு எடம் காட்டிக்கிட்டே வந்தான். செவ்வந்தி தன் பொந்து வாசல்ல பல்லைக் காட்டிக்கிட்டு நின்னா. நன்றி ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். ரெண்டுல எது பெருசுன்னு அவளுக்கே தெரியல.

"ஒண்ணு கேக்கணும்"ன்னா.

"கேளு தங்கச்சி."

"இங்க என்ன இருக்குன்னு உனக்கு முதல்லயே தெரியும். நான் வெளிய போற நேரமும் தெரியும். அப்புறமும் நீ ஏன் உள்ள வரல? அதை ஏன் பெட்டியிலயும் சொல்லல?"

நெட்டையப்பன் ஊர்றதை நிறுத்திட்டுத் தலையத் தூக்கினான்.

"அடுத்தவங்க வீட்டு விஷயத்தை நான் ஏன் பெட்டியில சொல்லணும்? சொல்லியிருந்தா நீ என்னை உயிரோட விட்டிருப்பியா?"

அது நியாயம்தான். விட்டிருக்க மாட்டா.

"உள்ள ஏன் வரல?"

"மகிழமரத்தடியில முட்டை இருக்குன்னு நான் சொன்னப்போ எங்க ஊரே என்னை ஏசிச்சு. அடப்பாவி, கீரி படிக்குமேடா, அத்தனையும் போச்சுடான்னு. பொய் சொன்னா கரை போயிடும், கரை போனா முட்டையும் போயிடும்னு நானும் மல்லுக்கட்டினேன். உள்ளுக்குள்ள பயம்தான். தினமும் பாப்பேன், நீ வந்தியான்னு. நீ வரவே இல்ல. குஞ்சுங்க எல்லாம் பொரிச்சு ஓடியே போச்சு." தலையத் தாழ்த்திக்கிட்டான். "எடம் தெரிஞ்சும் ஒருத்தி வரலேன்னா, அவளுக்கு எவ்ளோ நல்ல மனசு! அவ வீட்டு வாசல்ல நான் எப்படி நுழைவேன்?"

செவ்வந்தி வாயத் திறந்தா. பொறின்னு நினைச்சுத்தான் வரலேன்னு சொல்ல வந்தா. எச்சில் ஊறினதைச் சொல்ல வந்தா. சொல்ல முடியல. வாய மூடிக்கிட்டா.

"ம்"ன்னா.

தங்கச்சின்னு அவன் கூப்பிட்டும் அன்னைக்கு வால் முடி சிலுத்துக்கல. வால் தரையோட தரையா தொங்கிக் கிடந்துச்சு.

சாயங்காலத்துக்குள்ள அவ பாறைக்குப் போயிட்டா.

"தட்டு சில்லு. கீரியூர் கரை புட்டு மாதிரி இருக்கு. எல்லா எடத்துலயும் பொந்து. நொச்சிச் செடிக்குக் கீழ என் பிள்ளைங்க இருக்கு, நாலு பேரு. பாத்து மண்ணு போடுங்க."

சில்லு கை அப்படியே நின்னுடுச்சு. "அக்கா, பாம்புங்க படிக்குமே?"

"படிக்கட்டும்"ன்னா செவ்வந்தி.

வீட்டுக்குப் போற வழியில மட்டும் ரெண்டு தரம் திரும்பிப் பாத்துக்கிட்டா. பழக்கம் அவ்வளவு லேசுல போகுமா?

நீதி: பொதுக் காரியத்துல அடுத்தவங்களுக்குப் பயந்து நாம மறைக்கிற ஓட்டை வழியாத்தான் வெள்ளம் முதல்ல நம்ம வீட்டுக்கு வரும்.